கொம்ஃப்ரி வேர்த்துண்டா, சீமைக்கிளுவைக் கதியாலா?

வன்னியில் வளவுக்குத் தழைப்பசளை தேடுகிறவர்கள் கொம்ஃப்ரி (comfrey) என்ற பசளைச் செடிக்கும் சீமைக்கிளுவை (கிளிரிசிடியா) என்ற வேலி மரத்துக்கும் நடுவில் தடுமாறலாம்.

நடுகை: கொம்ஃப்ரிக்கு விரல் நீள வேர்த்துண்டு போதும்; இரண்டு அங்குல ஆழத்தில் படுக்கவைத்து மூடலாம். சீமைக்கிளுவைக் கதியாலுக்கு (வேலிக்கு ஊன்றும் தடிக்கு) அலவாங்கு வேண்டும், ஐப்பசி மழையும் வேண்டும்.

செலவு: கதியால் அயல் வேலியில் சும்மா கிடைக்கும். கொம்ஃப்ரி வேருக்கு அலையத்தான் வேண்டும்.

தண்ணீர்: இதில்தான் கொம்ஃப்ரி மாட்டிக்கொள்கிறது. அது குளிர்நாட்டுச் செடி. சித்திரை வெயிலில் அதன் அகன்ற இலைகள் மத்தியானத்துக்கு முன்பே துவண்டு தொங்கும். வாழை நிழலும் வைக்கோல் மூடாக்கும் இருந்தால் தப்பும். சீமைக்கிளுவை வேரோடிவிட்டால் தண்ணீர் கேட்காது.

பசளை: சீமைக்கிளுவை நைதரசன் தரும், கீரைக்கு நல்லது. கொம்ஃப்ரி இலையில் பொட்டாசியம் அதிகம். ஊறவைத்த தண்ணீரைக் காய்க்கிற மிளகாய்க்கு விடலாம். மணம் மட்டும் சகிக்காது!

தீவனம்: சீமைக்கிளுவைக் குழையைக் கொஞ்சம் வாடவிட்டால் ஆடு நன்றாகத் தின்னும். கொம்ஃப்ரியை மருந்தென்று குடிக்கவே வேண்டாம், ஈரலைக் கெடுக்கும்.

வேலியும் ஆடும் உள்ளவர்களுக்குச் சீமைக்கிளுவையே சரி. கிணற்றடியில் ஈரமான மூலை இருந்தால் இரண்டு துண்டு கொம்ஃப்ரி வையுங்கள், ஆனால் இடத்தை யோசித்து வையுங்கள்: கிண்டி எடுத்தாலும் மிஞ்சிய வேர் திரும்ப முளைக்கும்.