சிங்கப்பூர் ஆற்றங்கரை: நடக்க அருமை, சாப்பிட வேண்டாம்

சிங்கப்பூருக்குச் சுற்றுலா வரும் நம் ஊர்க்காரர்கள் பலர் இந்த ஆற்றங்கரையில் பார்ப்பது சிங்கத் தலையும் மீன் உடலுமான மெர்லயன் சிலையை மட்டும்தான். பேருந்திலிருந்து இறங்கி, சிங்கத்தின் வாயிலிருந்து விழும் தண்ணீரைக் கையில் பிடிப்பதுபோல் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அப்படியே சென்டோசா தீவுக்கோ முஸ்தபா கடைக்கோ போய்விடுகிறார்கள். அங்கிருந்து ஆற்றை ஒட்டியே மேலே நடந்தால் பழைய படகுத்துறைகளான போட் கீ, கிளார்க் கீ, அப்புறம் டேங்க் ரோடு முருகன் கோயில், எல்லாம் சேர்த்து இரண்டு கிலோமீட்டர் அளவுதான் வரும். இந்த ஊரில் எதைப் பார்க்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த நடையைத்தான். அதே கரையில் உட்கார்ந்து சாப்பிடுவதை மட்டும் யாருக்கும் சொல்வதில்லை.

மெர்லயனுக்கு ஐந்து நிமிடம் போதும். 1972ல் ஆற்றின் முகத்துவாரத்தில் வைத்த சிலை, பிறகு எஸ்பிளனேட் பாலம் வந்து கடலை மறைத்துவிட்டதால் 2002ல் இப்போதுள்ள இடத்துக்கு நகர்த்தினார்கள். அங்கிருந்து புல்லர்ட்டன் ஹோட்டலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வாருங்கள். 1928ல் கட்டிய கட்டடம், நெடுங்காலம் தலைமை அஞ்சலகமாக இருந்தது. பின்னால் இருக்கிறது கேவனா பாலம், 1869ல் போட்டது, இரும்பு வேலை எல்லாம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்தது. எடை அதிகமான வண்டிகளும் மாடுகளும் குதிரைகளும் இதில் போகக்கூடாது என்ற பழைய அறிவிப்புப் பலகை இன்னும் அங்கேயே நிற்கிறது. பாலத்தின் ஓரத்தில் சிறுவர்கள் ஆற்றில் குதிக்கும் வெண்கலச் சிற்பம் ஒன்று உண்டு, குழந்தைகளோடு வந்தால் அவர்கள் அதை விட்டு நகர மாட்டார்கள்.

பாலத்தைத் தாண்டினால் ஆசிய நாகரிகங்கள் அரும்பொருளகம். இந்தக் கரையில் காசு செலவழிக்க ஒரே ஓர் இடம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். 1998ல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டெடுத்த கப்பலின் சரக்கு இங்கே இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் சீனப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு மேற்கே போகும் வழியில் மூழ்கிய கப்பல் அது. ஒரே மாதிரியான கிண்ணங்கள் வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்த பிறகு வெளியே வந்து ஆற்றைப் பார்த்தால், இந்தத் துறைமுகம் எதற்காக இங்கே வந்தது என்பது தானாகவே விளங்கும்.

அரும்பொருளகத்துக்கு வெளியே, புல்தரையை ஒட்டி, ஒரு செட்டியாரும் பிற்காலத்து நிதித்துறைக்காரர்களும் சேர்ந்து இருக்கும் சிற்பம் இருக்கிறது. பலர் கவனிக்காமலே போகிறார்கள், எனக்கு அதில் மெய்யான வருத்தம். எதிர்க்கரையில் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில்தான் நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் பலர் ஆளுக்கொரு மேசையும் பெட்டகமும் வைத்துக்கொண்டு வட்டிக்கடை நடத்தி, இரவில் அங்கேயே படுத்து எழுந்த இடங்கள் அவை. இப்போது அங்கே வங்கிக் கோபுரங்கள் நிற்கின்றன. பக்கத்தில் சூலியா ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்களின் பெயரைத் தாங்கியது. இந்த ஆற்றில் சரக்குப் படகு ஓட்டும் தொழிலிலும் தொடக்கத்தில் தென்னிந்தியர்கள்தான் முன்னால் இருந்தார்கள், சீனர்கள் கைக்கு அது பிறகு போனது. தமிழ் வணிகர் நாராயண பிள்ளை 1819ல் ஆங்கிலேயர் ராஃபிள்ஸோடு வந்து இறங்கியதும் இந்த ஆற்றுக்குத்தான். இவ்வளவு இருந்தும் ராஃபிள்ஸ் சிலை எல்லோருக்கும் தெரிகிறது, பிள்ளையின் பெயர் நம்மவர்களுக்கே தெரியவில்லை.

போட் கீக்கு வருவோம். ஆறு இந்த இடத்தில் வளைந்து அகலும், சீன வணிகர்கள் அதைக் கெண்டை மீனின் வயிறு என்று சொல்லி ராசியான இடமாக நினைத்தார்கள். அந்த வளைவை ஒட்டி வரிசையாகக் கடைவீடுகள், கீழே கிடங்கு, மேலே குடியிருப்பு. கூலிகள் படகுக்கும் கரைக்கும் இடையில் போட்ட ஒற்றைப் பலகையில் அரிசி மூட்டையும் ரப்பரும் சுமந்து நடந்திருக்கிறார்கள். ஆறு பின்னாளில் சாக்கடை ஆனது. 1977ல் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ அதைச் சுத்தம் செய்யப் பத்து ஆண்டுக் கெடு வைத்தார், கரையோரக் குடிசைகள், பன்றிப் பண்ணைகள், சாலையோரக் கடைகள் எல்லாம் வேறு இடத்துக்குப் போயின, 1983ல் சரக்குப் படகுகளும் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. 1987ல் ஆறு சுத்தமானது. 2008ல் மரினா அணை வந்த பிறகு இதில் ஓடுவது நன்னீர், இன்று இது ஒரு நீர்த்தேக்கத்தின் பகுதி. அதிகாலையில் வந்தால் நீர்நாய்க் குடும்பங்களைக்கூடப் பார்க்கலாம். இதற்கு நான் முழு மனதோடு கைதட்டுவேன். ஆனால் படகுகளோடு அந்த மனிதர்களின் வேலையும் வாழ்வும் சேர்ந்து போய்விட்டது, மிஞ்சியது முகப்புகள் மட்டும், அவற்றுக்குக் கீழே இன்று உணவகங்கள்.

அந்த உணவகங்களைப் பற்றி. நடந்து போகும்போதே மெனுவை நீட்டி உள்ளே அழைப்பார்கள். ஊரிலிருந்து வந்த உறவினர்களோடு ஓர் உணவகத்தில் சில்லி நண்டு சாப்பிட்டோம். மெனுவில் நண்டுக்கு நேராக விலை இல்லை, "இன்றைய விலை" என்று மட்டும் இருந்தது. கேட்டதற்கு 100 கிராம் கணக்கில் ஒரு விலை சொன்னார்கள், நண்டு எவ்வளவு எடை என்பது மட்டும் பில்லில்தான் தெரிந்தது. மேசையில் தானாக வந்த வேர்க்கடலைக்கும் ஈரத்தாளுக்கும் தனிக் காசு. அதற்கு மேல் 10 சதவீத சேவைக் கட்டணம், 9 சதவீத ஜிஎஸ்டி. நண்டு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்த விலைக்கு இல்லை. எடையும் மொத்த விலையும் முன்கூட்டியே எழுதித் தராத எந்தக் கடையிலும் கடலுணவு சொல்லாதீர்கள். தண்ணீர் ஓரமாக உட்கார ஆசையாக இருந்தால் ஒரு பானம் மட்டும் சொல்லிவிட்டு உட்காருங்கள், அந்தக் காட்சிக்கு அது தகும்.

கிளார்க் கீயில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. பழைய கிடங்குகளுக்கு மேல் பெரிய குடைக் கூரைகள், கீழே மதுக்கூடங்கள், இரவில் ஒரே சத்தம். வழியில் ஹில் ஸ்ட்ரீட் பழைய காவல் நிலையம் வரும், 927 சன்னல்களுக்கும் வானவில் நிறங்கள், அதை நின்று பாருங்கள். படகுச் சவாரி சுமார் 40 நிமிடம். டிக்கெட் விலை கொஞ்சம் அதிகம்தான், நடக்க முடியாத பெரியவர்கள் கூட வந்தால் தாராளமாகப் போகலாம், இருட்டிய பிறகு ஏறுங்கள்.

கிளார்க் கீயிலிருந்து ரிவர் வேலி ரோட்டைக் கடந்தால் டேங்க் ரோடு. அங்கே 1859ல் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில், இப்போதிருப்பது பிற்காலத்தில் புதிதாகக் கட்டியது. தைப்பூசத்துக்குச் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகள் வந்து சேர்வது இங்குதான். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் நாலரை மணி வாக்கில் மெர்லயனில் தொடங்குங்கள், வெயிலும் தணிந்திருக்கும், கோயில் திறந்திருக்கும் நேரத்துக்கும் சரியாக வரும். பக்கத்திலேயே ஃபோர்ட் கேனிங் எம்ஆர்டி ரயில் நிலையம் இருக்கிறது. பசித்தால் ஆற்றங்கரைக்குத் திரும்ப வேண்டாம், ரயிலேறி லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் போய்விடுங்கள். அசைவம்தான் வேண்டும் என்றால் லாவ் பா சாட் உணவங்காடிக்குப் போங்கள், இரவு ஏழு மணிக்கு மேல் பக்கத்துத் தெருவை மூடிவிட்டு அங்கே குச்சியில் குத்திய இறைச்சியான சாத்தே சுடுவார்கள், விலை பலகையிலேயே எழுதியிருக்கும்.