இரண்டு எண்ணியதும் இழுக்கப்பட்ட நடுவர்: ரோமன் ரெயின்ஸின் 1,316 நாட்களை மறுபடி பார்த்தபின்

2025 ஏப்ரலில் டபிள்யூடபிள்யூஇ நிகழ்ச்சிகள் இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்த பிறகு, கல்லூரிக் காலத்திலிருந்து பழகிய என் நண்பன் ஒருவனின் மகள் மல்யுத்தம் பார்க்கத் தொடங்கியிருக்கிறாள். அவளோடு உட்கார்ந்து பார்த்ததில் அவனுக்கும் பழைய ஆசை திரும்பிவிட்டது. ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, "அந்த ரோமன் ரெயின்ஸ் கதையை முதல்ல இருந்து பார்க்கலாமாடா, இல்ல நேரம்தான் வீணா?" என்று கேட்டான். 2020 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கி 2024 ஏப்ரல் 7 அன்று முடிந்த ரெயின்ஸ் உலகச் சாம்பியனாக இருந்த அந்த 1,316 நாட்களையும், நடந்த காலத்திலேயே வாரம் தவறாமல் பார்த்தவன் நான். ஆனாலும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. முக்கியமான ஆட்டங்களை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இரண்டு மாத இரவுகளில், பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு பார்த்து முடித்தேன். அந்த நோட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

ஆட்டத்தின் முடிவு முன்கூட்டியே எழுதப்படுகிறது என்பது ட்ரம்ப் கார்டில் உயரத்தையும் எடையையும் பைசெப்ஸையும் ஒப்பிட்டு விளையாடிய நாட்களிலேயே நம்மில் பலருக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே அதை விளக்கப்போவதில்லை. ஆனால் அதிலிருந்து பிறக்கும் ஒரு பொறுப்பைப் பற்றிப் பேச வேண்டும். கிரிக்கெட்டில் நல்லதோர் ஆட்டத்தை மழை கெடுத்தால் யாரையும் குறை சொல்ல முடியாது. மல்யுத்தத்தில் மழையையும் ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ஓர் ஆட்டம் எப்படி முடிகிறது என்பது அங்கே தற்செயல் அல்ல, தேர்வு. அந்தத் தேர்வுதான் இந்த 1,316 நாட்களில் என்னை மிக அதிகமாக வாட்டியது.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன், ஏனெனில் பாராட்ட நிறைய இருக்கிறது. அதற்கு முன்பு பல ஆண்டுகள் நிறுவனம் ரெயின்ஸை நல்லவராக நம்மேல் திணித்தது, அரங்கங்களும் விடாமல் அவரைக் கூவி வெறுத்தன. 2018 அக்டோபரில் லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோய் திரும்பிவிட்டது என்று அறிவித்துப் பட்டத்தைத் துறந்து போனவர், அதிலிருந்து மீண்டு வந்து, 2020 கோடையில் தனக்காகப் பேசும் பால் ஹேமனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கெட்டவராக மாறியதும், அதே மனிதருக்குள் இத்தனை நாள் ஒரு பெரிய நடிகர் ஒளிந்திருந்தது தெரிந்தது. பார்வையாளர்கள் இல்லாத தொற்றுக் காலத்து அரங்கில், சுற்றிலும் திரைகளில் மட்டுமே முகங்கள் தெரிய, அவர் அடிப்பதை நிறுத்திவிட்டு எதிராளியிடம் தணிந்த குரலில் பேசிய ஒவ்வொரு சொல்லும் கேட்டது. 2020 அக்டோபரில் கூண்டுக்குள் தன் உறவினரான ஜே உசோவோடு ஆடிய ஆட்டத்தை மறுபடி பார்த்தபோதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எவ்வளவு அடித்தும் ஜே தோல்வியை ஒப்புக்கொள்வதில்லை. இரட்டைச் சகோதரர் ஜிம்மி ஓடிவந்து அவர்மேல் விழுந்து மறைக்கிறார். ரெயின்ஸ் மனம் உடைந்து அழுவதுபோலக் கையை நீட்டுகிறார். ஜிம்மி அந்தக் கையைப் பற்றியதும் அவர் கழுத்தை வளைத்து நெரிக்கத் தொடங்குகிறார். தனக்கு விழுந்த அடிக்கெல்லாம் வாய் திறக்காத ஜே, சகோதரர் மூச்சுத் திணறுவதைப் பார்த்துத்தான் "விட்டுவிடுகிறேன்" என்கிறார். வெளியே நிற்கும் மூத்தவர்கள் அஃபாவும் சிகாவும் ரெயின்ஸின் கழுத்தில் மாலை அணிவிக்கும்போது, ஒரு குடும்பம் எப்படி அச்சத்தால் ஒன்றாகக் கட்டப்படுகிறது என்பது ஒரு வார்த்தை விளக்கமில்லாமல் புரிந்துவிடுகிறது. மூன்றாவது ஆள் உள்ளே வருவதற்கு இதைவிட நல்ல காரணம் ஒரு கதையில் கிடைக்காது.

என் நோட்டில் "மூன்றாவது ஆள்" என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன். அந்தப் பக்கம் விரைவில் நிரம்பி, அடுத்த பக்கமும் நிரம்பியது. உசோக்கள் வருகிறார்கள், நடுவர் மயங்கி விழுகிறார், ஹேமன் நடுவரின் கவனத்தைத் திருப்புகிறார், பெல்ட் முகத்தில் இறங்குகிறது, ரெயின்ஸ் ஓடிவந்து தோளால் மோதும் ஸ்பியர், விழுந்த எதிராளியை எழவிடாமல் அழுத்தியிருக்க நடுவர் எண்ணும் ஒன்று, இரண்டு, மூன்று. முதல் முறை பார்த்தபோது இடையில் வாரங்கள் இருந்ததால் இந்த அலுப்பு இவ்வளவு தெரியவில்லை. அடுத்தடுத்து பார்க்கும்போது, இருபது நிமிடம் ஆடிய ஆட்டம் எந்த நொடியில் பொய்யாகப் போகிறது என்பதைக் கைக்கடிகாரத்தைப் பார்த்தே சொல்லிவிட முடிகிறது. எதிராளி தன் மிகப்பெரிய அடியை அடித்துவிட்டாரா? அப்படியென்றால் நுழைவாயில் பக்கம் கண்ணை வைத்துக்கொள்ளலாம்.

இதில் எனக்கு ஆறாத புண் 2022 செப்டம்பர் 3, கார்டிஃப் இரவுதான். வேல்ஸ் நாட்டின் பிரின்சிபாலிட்டி மைதானத்தில், 1992-க்குப் பிறகு முப்பது ஆண்டுகள் காத்திருந்த பிரிட்டனுக்கு முதல் பெரிய மைதான நிகழ்ச்சி. எதிராளி ஸ்காட்லாந்துக்காரரான ட்ரூ மெக்கின்டயர். 2014-இல் வேலையை விட்டு அனுப்பப்பட்டு, சிறிய அரங்கங்களில் தன்னை மறுபடி செதுக்கிக்கொண்டு 2017-இல் திரும்பி வந்தவர். 2020 ஏப்ரலில் பிராக் லெஸ்னரை வீழ்த்தி உலகப் பட்டம் வென்றபோது தொற்றின் காரணமாக அரங்கில் ஒரு ரசிகர்கூட இல்லை. வெற்றியின் உச்சத்தில் அவர் கையை நீட்டியது ஒரு கேமராவை நோக்கி. அந்தக் கைதட்டலின் கடனை அடைக்கும் நாள் கார்டிஃப் என்று நான் முழு மனதோடு நம்பினேன்.

அந்தக் கடைசி நொடிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மெக்கின்டயரின் கிளேமோர் உதை முழுமையாக விழுகிறது. அவர் ரெயின்ஸின் மேல் சரிகிறார். நடுவரின் உள்ளங்கை ரிங்கின் விரிப்பில் ஒருமுறை, இரண்டுமுறை விழுகிறது. மைதானம் முழுவதும் அடுத்த எண்ணுக்காக வாயைத் திறந்துவிட்டது. அந்தக் கை மூன்றாவது முறை கீழே வருவதற்குள் நடுவரே காணாமல் போகிறார். கருப்பு ஹூடி அணிந்த ஒருவன் காலைப் பிடித்து அவரைக் கயிற்றுக்கு அடியில் வெளியே இழுத்துவிட்டான். மெக்கின்டயர் நிமிர்ந்து பார்க்கிறார். ஹூடிக்குள் இருந்தது உசோக்களின் தம்பி சோலோ சிகோவா. சற்றைக்கெல்லாம் ஸ்பியர், தோல்வி. அறிவிக்கப்பட்ட கணக்குப்படி 62,296 பேர் திரண்ட மைதானத்தில் அந்த ஒரு நொடியில் எழுந்த ஒலியை நான் ஆரவாரம் என்று சொல்லமாட்டேன், காற்றுப்போன பந்தின் ஓசை அது. ஆட்டம் முடிந்தபின் குத்துச்சண்டை வீரர் டைசன் ஃப்யூரி வந்து மெக்கின்டயரோடு பாட்டுப் பாடினார். பட்டம் கேட்டு வந்தவர்களுக்குப் பாட்டு கொடுத்து அனுப்பிய அந்த முடிவை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் கோபத்தை இவ்வளவு கூட்டியது அதே இரவின் இன்னோர் ஆட்டம். சில மணி நேரம் முன்பு, அதே ரிங்கில், குந்தரும் சீமஸும் இன்டர்கான்டினென்டல் பட்டத்துக்காக மோதினார்கள். ஆஸ்திரியாக்காரர் ஒருவர், அயர்லாந்துக்காரர் ஒருவர். இருவரோடும் துணையாட்கள் வந்திருந்தார்கள் என்பதை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும். ஆனால் அந்தத் துணையாட்கள் தொடக்கத்திலேயே ரிங்கைச் சுற்றிக் கட்டிப்புரண்டு சண்டையிடுகிறார்கள். அந்த அமளிக்கு நடுவில் இரண்டு பெரிய மனிதர்களும் இமைக்காமல் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நிற்கிறார்கள். மூன்றாவது ஆட்கள் யாரும் இந்தக் கதைக்குத் தேவையில்லை என்பதைச் சண்டை தொடங்கும் முன்பே அப்படிச் சொல்லிவிட்டார்கள். பிறகு நடந்தது மார்பும் உள்ளங்கையும் பேசிய பேச்சு. குந்தரின் ஒவ்வோர் அறைக்கும் சீமஸின் வெளுத்த மார்பில் சிவப்பு படர்ந்து, பின்னர் கன்றி, ஆட்டம் முடியும்போது பார்க்கவே வலித்தது. சீமஸ் கயிற்றில் குந்தரை மாட்டி மார்பில் குத்தத் தொடங்கியதும் மைதானமே சேர்ந்து எண்ணியது. எண்ணியதைத் தடுக்க யாரும் வரவில்லை. முடிவில் குந்தர் தன் கையை அரிவாள்போல வீசி அடித்த ஒரே அடியில் சீமஸ் விழுந்தார், மூன்று எண்ணப்பட்டது, முடிந்தது. அதுவரை தனக்குக் கிடைக்காத அந்த ஒரு பட்டம் அன்றும் சீமஸுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் தட்டுத்தடுமாறி எழுந்து நின்றபோது மைதானமே எழுந்து நின்று கைதட்டியது.

நியாயமாகப் பேச வேண்டுமானால், வெளியாள் தலையீட்டுக்கும் ஒரு தர்க்கம் உண்டு. தோற்பவரைக் காப்பாற்றுவதற்காக அதைச் செய்கிறார்கள். நேர்மையாகத் தோற்கடிக்கப்படவில்லை என்றால் அவருடைய மதிப்பு குறையாது, மறுமோதலுக்கும் வழி இருக்கும். கோழையான சாம்பியனைக் காட்டவும் அதுவே வழி. இந்தத் தர்க்கத்தை நான் பல ஆண்டுகள் ஏற்றுக்கொண்டிருந்தேன். ஆனால் 1992 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தில் பிரெட் ஹார்ட் தன் தங்கையின் கணவர் பிரிட்டிஷ் புல்டாகிடம் சுத்தமாகத் தோற்றார், எந்த மூன்றாவது ஆளும் வரவில்லை. மேலிருந்து புரட்டிப்போட முயன்ற ஹார்ட்டின் மேல் புல்டாக் அப்படியே உட்கார்ந்து கால்களைப் பூட்டிக்கொண்டார், அவ்வளவுதான். சொந்த நாட்டவரின் வெற்றியைக் கண்ட மைதானம் கொண்டாடியது. தோற்ற ஹார்ட்டுக்கு என்ன குறைந்தது? இரண்டு மாதம்கூட ஆகும் முன், அதே ஆண்டு அக்டோபரில் அவர் உலகச் சாம்பியன் ஆனார். நன்றாகத் தோற்பவரை யாரும் காப்பாற்ற வேண்டியதில்லை என்பதற்கு வெம்பிளியின் ஹார்ட் ஒரு சாட்சி, கார்டிஃபின் சீமஸ் இன்னொரு சாட்சி. காப்பாற்றப்பட்ட மெக்கின்டயர்தான் அதன்பின் நீண்ட காலம் தன் இடத்தைத் தேடி அலைந்தார்.

என் கட்சிக்கு எதிரான ஒரு சாட்சியையும் மறைக்கக்கூடாது. 2023 ஜனவரி 28, சான் அன்டோனியோ. ஆட்டம் முடிந்துவிட்டது, கெவின் ஓவன்ஸ் கயிற்றில் விலங்கிடப்பட்டுத் தொங்குகிறார், ரெயின்ஸின் கூட்டம் அவரைச் சுற்றி நிற்கிறது. மாதக்கணக்கில் அந்தக் குடும்பத்தின் அன்பைப் பெறக் குழைந்து நின்ற சாமி ஸெயினிடம் ரெயின்ஸ் இரும்பு நாற்காலியைக் கொடுத்து, ஸெயினின் பழைய நண்பன் ஓவன்ஸை அடிக்கச் சொல்கிறார். ஸெயின் அந்த நாற்காலியை ரெயின்ஸின் முதுகில் இறக்கியபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன், இரண்டாம் முறை பார்த்தபோதும் எழுந்தேன். அடுத்து எல்லோரும் ஸெயின்மேல் பாய, ஜே உசோ மட்டும் கைவைக்காமல் நடந்து வெளியேறுகிறார். பல ஆண்டுகளாக நான் பார்த்த மல்யுத்தத்தில் இதற்கு இணையான காட்சிகள் மிகச் சில. வெளியாட்கள் ரிங்குக்குள் இருப்பதால் மட்டுமே இது சாத்தியமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று வாரம் கழித்து, ஸெயினின் சொந்த ஊர் அரங்கமான மான்ட்ரியாலில், அவருடைய முறை வந்தபோது மறுபடி அதே தலையீடு, அதே ஸ்பியர்.

2023 ஏப்ரலில் கோடி ரோட்ஸுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நீட்டினால் கோபம் தலைக்கேறும். தன் தந்தை டஸ்டி ரோட்ஸுக்குக் கிட்டாத பட்டத்தைத் தேடி வந்தவரை, நடுவரால் வெளியேற்றப்பட்ட அதே சோலோ சிகோவா திரும்பி வந்து தொண்டையில் குத்திச் சாய்த்தார். ஓராண்டு கழித்து ஃபிலடெல்ஃபியாவில் ரோட்ஸ் வென்றபோது, ஜான் சீனாவும் அண்டர்டேக்கரும் வந்து கணக்கைத் தீர்த்தார்கள். அந்த இரவு நானும் கூவினேன், கண் கலங்கினேன். ஆனால் பின்னர் நோட்டைப் புரட்டியபோது, தலையீட்டால் கெட்ட கதையைத் தலையீட்டாலேயே முடித்திருக்கிறார்கள் என்பது உறைத்தது. ரோட்ஸும் ரெயின்ஸும் மட்டும் தனியாக நின்று முடித்திருக்க வேண்டிய ஆட்டம் அது.

நண்பனுக்கு நான் கடைசியில் அனுப்பிய பதில் இது. ரெயின்ஸின் நடிப்பைப் பற்றி இங்கே இவ்வளவு எழுதியிருந்தும், முழுக் கதையையும் பார்க்காதே என்றுதான் சொன்னேன். 1,316 நாட்களில் உன் மகளுக்கு மூன்று மட்டும் போதும். முதலில் 2020 அக்டோபரில் கூண்டுக்குள் ஜே உசோ. அதன்பின் சான் அன்டோனியோவில் அந்த நாற்காலி. கடைசியாக ரெயின்ஸே இல்லாத ஆட்டம், கார்டிஃபில் குந்தரும் சீமஸும், ஒரு நொடிகூட விடாமல். அதே இரவின் இறுதி ஆட்டத்தையும் அவள் கேட்டால் போட்டுக்காட்டு, மெக்கின்டயரின் அந்த உதையை அவள் பார்க்கத்தான் வேண்டும். நடுவர் இரண்டு எண்ணியதும் நிறுத்திவிடு.