சிஸ்கோ ரவுட்டரா, சின்ன ஏடிஏ பெட்டியா, ஆஸ்டரிஸ்க்கா: லேண்ட்லைனை ஐபி போனோட சேர்க்க எது சரி

ஆபீஸ்ல ஐபி போன் வந்தாச்சு, உள்ளுக்குள்ள எல்லாம் நல்லா பேசுது, ஆனா பல வருஷமா கஸ்டமர் கையில இருக்கிற லேண்ட்லைன் நம்பரை விட முடியாது, அதனால சுவத்துல வர்ற அந்த செம்புக் கம்பியை ஐபி பக்கம் கொண்டு வந்தே ஆகணும். இதுக்கு நடைமுறையில மூணு வழி இருக்கு. வாய்ஸ் கார்டு போட்ட சிஸ்கோ ரவுட்டர், கிராண்ட்ஸ்ட்ரீம் மாதிரி சின்ன கேட்வே பெட்டி (ஏடிஏன்னும் சொல்லுவாங்க), இல்ல ஒரு கம்ப்யூட்டர்ல கார்டு சொருகி ஆஸ்டரிஸ்க்னு ஒரு இலவச டெலிபோன் சாஃப்ட்வேர். லைனையும் ஐபியையும் சேர்க்கிற எதையும் கேட்வேன்னு சொல்றேன். கேக்குறவங்க எல்லாரும் விலையைத்தான் முதல்ல கேக்குறாங்க. எனக்கு அதை விட முக்கியமா படுறது வேற ஒண்ணு: எதிர்ல பேசினவர் போனை வச்சுட்டாருன்னு உங்க கேட்வேக்கு யாரு சொல்லுவா?

சிப்ல (SIP, ஐபி போனுங்க காலை ஆரம்பிக்கவும் முடிக்கவும் பேசிக்கிற மொழி) பிரச்சினையே இல்ல, வச்ச உடனே 'பை'ன்னு ஒரு மெசேஜ் வந்துடும். செம்புக் கம்பியில அப்படி எதுவும் கிடையாது. எக்ஸ்சேஞ்ச் ஒரு கணம் கரண்டை நிறுத்திக் காட்டலாம், இல்ல பிளஸ் மைனஸை மாத்திக் காட்டலாம், இது ரெண்டும் இல்லேன்னா வெறும் பிஸி டோன் மட்டும்தான் போட்டுக்கிட்டே இருக்கும். நம்மூர் லைன்ல பெரும்பாலும் நமக்குக் கிடைக்கிறது அந்த டோன்தான், 400 ஹெர்ட்ஸ், 750 மில்லிசெகண்ட் சத்தம், 750 மில்லிசெகண்ட் மௌனம். இந்தப் பெட்டிங்க பலதும் வர்றப்பவே அமெரிக்க டோன் செட் ஆகி வருது, 480ம் 620ம் கலந்து அரை செகண்ட் அரை செகண்டா. ரெண்டும் ஒத்துப்போகாது, அதனால கேட்வே அந்த டோனை யாரோ பேசுறாங்கன்னு நினைச்சுக்கிட்டு லைனைப் பிடிச்சு வச்சிருக்கும், யாரும் போன்ல இல்ல ஆனா லைன் லைட்டு மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், வெளியில இருந்து கூப்பிடுறவங்களுக்கு காலையில வரைக்கும் எங்கேஜ்டு. இதை எந்தப் பெட்டி எவ்வளவு சுலபமா சரி பண்ண விடுதுன்னுதான் நான் ஒப்பிடுறேன்.

முதல்ல சிஸ்கோ. 2811, 2901 எல்லாம் இப்ப செகண்ட் ஹேண்ட்ல சுலபமா கிடைக்குது, 2900 சீரிஸுக்கு விற்பனை 2017லயே முடிஞ்சு 2022 கடைசியோட சப்போர்ட்டும் போச்சு, அதை மனசுல வச்சுக்கிட்டு வாங்குங்க. லைன் சொருகுற எஃப்எக்ஸ்ஓ கார்டு மட்டும் வாங்கி சொருகினா போதாது, உள்ள பிவிடிஎம்னு சொல்ற, குரலை ஐபிக்கு மாத்துற டிஎஸ்பி மாட்யூலும் வேணும், 2901ன்னா வாய்ஸ் லைசன்ஸும் வேணும், இல்லேன்னா கார்டு இருந்தும் பிரயோஜனமில்ல. அதுக்கு அடுத்து வந்த 4000 சீரிஸ்ல அனலாக் கார்டுலயே டிஎஸ்பி இருக்கு, அந்தத் தலைவலி இல்ல. இன்னொண்ணு, கார்டு பேரைப் பாத்து வாங்குங்க, எக்ஸ்சேஞ்ச் லைன் சொருக எஃப்எக்ஸ்ஓ, சாதா போன் சொருக எஃப்எக்ஸ்எஸ், மாத்தி வாங்கிட்டு வர்றவங்க இன்னும் இருக்காங்க.

கான்ஃபிகரேஷன் கேட்டீங்கன்னா ரெண்டு டயல்-பியர்தான் அடிப்படை, அதாவது எந்த நம்பர் எந்தப் பக்கம் போகணும்னு சொல்ற விதி. சிப் சர்வர் பக்கம் பாக்குற ஒரு வாய்ப் டயல்-பியர், லைன் பக்கம் பாக்குற ஒரு பாட்ஸ் (சாதா போன் லைன்) டயல்-பியர். வாய்ப் பக்கம் செஷன் ப்ரோட்டகால் சிப்வி2, கோடெக் (குரலை டிஜிட்டலாக்குற முறை) ஜி711, டிடிஎம்எஃப் (பட்டன் அமுக்கினா வர்ற டோன்) ரிலே ஆர்டிபி-என்டிஇ, இதுல மறைஞ்சு நிக்கிற விஷயம் எதுவும் இல்ல. பாட்ஸ் பக்கம்தான் கவனம் வேணும், ஏன்னா பேட்டர்ன்ல நீங்க வெளிப்படையா எழுதின நம்பரை ரவுட்டர் வெட்டிட்டு மிச்சத்தைத்தான் லைனுக்கு அனுப்பும். 9டி-ன்னு போட்டா (டி-ன்னா அதுக்கப்புறம் எத்தனை நம்பர் வேணாலும்) 9 போயிடும், அது நமக்குத் தேவையானதுதான். ஆனா வெளியூர் கால் போகட்டும்னு 0டி-ன்னு போட்டா எஸ்டிடிக்கான அந்த 0வும் போயிடும், எக்ஸ்சேஞ்ச் தப்பு நம்பர்னு சொல்லும், அங்க ஃபார்வேர்டு-டிஜிட்ஸ் ஆல் போடணும். டி போட்டா இன்னொரு விஷயம், ரவுட்டர்லயே நேரா சொருகின போன்ல இருந்து அடிச்சா அடுத்த நம்பர் வருமான்னு 10 செகண்ட் காத்திருக்கும், பேசுறவங்க லைன் செத்துப்போச்சுன்னு நினைச்சு வச்சுடுவாங்க, கடைசியில ஹேஷ் அமுக்கச் சொல்லுங்க, இல்லேன்னா இன்டர்-டிஜிட் டைம்அவுட்டைக் குறைங்க.

வர்ற காலுக்கு வாய்ஸ்-போர்ட்ல கனெக்ஷன் ப்ளார் ஓபிஎக்ஸ் போட்டு ரிசப்ஷன் எக்ஸ்டென்ஷனைக் கொடுங்க. ஓபிஎக்ஸ் இல்லாம வெறும் ப்ளார் போட்டா ரவுட்டர் முதல்லயே லைனை எடுத்துடும், உள்ள யாரும் எடுக்கலைன்னாலும் கூப்பிட்டவருக்குக் காசு போகும்.

எதிர்ல போனை வச்சது தெரியாத பிரச்சினைக்கு சிஸ்கோ கொடுக்கிற கருவி நிஜமாவே நல்லா இருக்கு. சிபிடோன் ஐஎன் போட்டா இந்திய டோன், அதுக்கு மேல சூப்பர்வைசரி டிஸ்கனெக்ட் டூயல்டோன் மிட்-கால் போட்டு, அதுவும் பத்தலைன்னா கஸ்டம்-சிபிடோன்னு ஒரு கிளாஸ் எழுதி 400, 750, 750ன்னு நீங்களே கொடுத்துடலாம். எதிரொலி அடிச்சா டிஹெச்எல் ஸ்வீப்னு ஒரு டெஸ்ட் இருக்கு, லைன்ல டோன் விட்டுப் பாத்து எந்த இம்பீடன்ஸ் (லைனோட மின்மறிப்பு) பொருந்தும்னு அதுவே சொல்லும், ஒவ்வொண்ணா மாத்தி மாத்திப் பேசிப் பாக்க வேண்டாம்.

இப்ப சின்னப் பெட்டி. கிராண்ட்ஸ்ட்ரீம்ல ஒரே ஒரு லைன்னா ஹெச்டி813, நாலு லைன்னா ஜிஎக்ஸ்டபிள்யூ4104, எட்டுன்னா 4108. பிரவுசர்ல திறந்து நிரப்புற பக்கம்தான், டயல்-பியர் படிக்க வேண்டாம். ஆனா அந்தப் பக்கத்துல எல்லாமே கலந்து கிடக்கும், அதுல நாலு இடம்தான் உயிர்: எஃப்எக்ஸ்ஓ போர்ட்டோட டிஸ்கனெக்ட் டோன், இம்பீடன்ஸை நாட்டு வாரியா தேர்ந்தெடுக்கிற இடம், காலர் ஐடி முறை, ஸ்டேஜ் மெத்தட். நம்ம பக்கம் பல எக்ஸ்சேஞ்ச் காலர் ஐடியை டிடிஎம்எஃப்லதான் அனுப்புது, பெட்டி பெல்கோர்ங்கிற அமெரிக்க முறையில நின்னா நம்பரே வராது. ஸ்டேஜ் மெத்தட் 1 வைங்க, 2ல வச்சா நம்பரை ரெண்டு தடவை அடிக்கணும், ஸ்டாஃப் ஒத்துக்க மாட்டாங்க. ஹெச்டி813ல எஃப்எக்ஸ்ஓ 5062 போர்ட்லயும் எஃப்எக்ஸ்எஸ் 5060லயும் நிக்கும், சர்வர்ல ட்ரங்க் (பெட்டியோட இணைப்பு) எழுதும்போது இது தெரியாம ஒரு நாள் முழுக்கத் தேடுறவங்க உண்டு.

ஆஸ்டரிஸ்க் கார்டை நான் இப்ப யாருக்கும் புதுசா வாங்கச் சொல்றதில்ல. டிடிஎம்400பி பிசிஐ கார்டு, இன்னைக்கு வர்ற மதர்போர்டுல பெரும்பாலும் அந்த ஸ்லாட்டே இல்ல. ஏற்கெனவே ஓடிக்கிட்டிருந்தா விட்டுடுங்க, லோட்ஸோன் இன்-ன்னு மாத்தி, பிஸிடிடெக்ட் யெஸ், பிஸிபேட்டர்ன் 750,750 போட்டா வேலை செய்யும், எதிரொலிக்கு எஃப்எக்ஸ்ஓடியூன் இருக்கு. எஃப்எக்ஸ்ஓ போர்ட்டுக்கு எஃப்எக்ஸ்எஸ் சிக்னலிங் எழுதணும்ங்கிறது மட்டும் புதுசா வர்றவங்களைக் குழப்பும். ஆஸ்டரிஸ்க்கை ஐவிஆருக்கும் ('1 அமுக்குங்க, 2 அமுக்குங்க'ன்னு பேசுறது) ரெக்கார்டிங்குக்கும் வச்சுக்கிட்டு லைனை மட்டும் வெளியில ஒரு பெட்டியில பிடிக்கிறதுதான் இன்னைக்கு நல்ல அமைப்பு.

மூணுக்கும் பொதுவான ஒரு குறை சொல்லணும். அனலாக் லைன்ல வெளியே போற கால், எதிர்ல எடுத்தாங்களான்னு கேட்வேக்குத் தெரியாது, நம்பர் அடிச்சு முடிச்ச உடனே பேச ஆரம்பிச்சாச்சுன்னு கணக்கு எழுதிடும், கால் ரிப்போர்ட்ல மணி அடிச்ச நேரமும் பேசின நேரமா வரும். எஸ்டிடி பூத் காலத்துல மீட்டர் ஓட ஆரம்பிக்கிறதுக்கு லைன்ல போலாரிட்டியை மாத்தி விடுவாங்க, அதே வசதியை உங்க லைனுக்கும் எக்ஸ்சேஞ்ச்ல கேட்டு வாங்க முடிஞ்சா வாங்கிடுங்க. எடுத்ததும் தெரியும், வச்சதும் தெரியும், டோனை நம்பி நிக்க வேண்டாம்.

ஆக ஒண்ணு ரெண்டு லைன்னா பெட்டிதான், கண்ணை மூடிக்கிட்டு. ரவுட்டர் எங்க ஜெயிக்குதுன்னா பிஆர்ஐல (PRI, எக்ஸ்சேஞ்ச்ல இருந்து வர்ற டிஜிட்டல் லைன்). ஒரு இ1 லைன்ல 30 கால், 16வது ஸ்லாட்ல சிக்னலிங், எடுத்தது வச்சது எல்லாமே மெசேஜா வரும், நான் இவ்வளவு நேரம் புலம்பின பிரச்சினை அங்க கிடையாது. ஸ்விட்ச்-டைப் ப்ரைமரி-நெட்5, க்ளாக்கை எக்ஸ்சேஞ்ச் லைன்ல இருந்து எடுக்கிறது, சிஆர்சி4ங்கிற பிழை சோதனை உண்டா இல்லையான்னு அவங்ககிட்ட கேட்டுப் பொருத்துறது, இந்த மூணும் சரியா இருந்தா வருஷக்கணக்குல தொட வேண்டாம். பிஆர்ஐ இருக்கிற இடத்துல ரவுட்டருக்குச் செலவு பண்ணத் தயங்காதீங்க.

எதை வாங்கினாலும் சிப் கால் வர்ற 5060 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்காதீங்க. பழைய ஐஓஎஸ்ல (சிஸ்கோ ரவுட்டரோட சாஃப்ட்வேர்) வெளியில இருந்து வர்ற சிப் காலை ரவுட்டர் அப்படியே வாங்கி உங்க லைன்ல ஐஎஸ்டிக்கு விட்டுடும், பில் உங்க பேர்ல வரும். 15.1(2)டி-யில இருந்து நம்பகமான ஐபி லிஸ்ட்ல இல்லாத காலை அதுவே தள்ளிடும், புதுசா செட் பண்ணி உள்ள வர்ற கால் எல்லாம் ரிஜெக்ட் ஆனா முதல்ல அந்த லிஸ்ட்டைப் பாருங்க. அதே மாதிரி வெளிநாட்டுக் காலை இன்டர்நெட்ல வாங்கி இங்க லோக்கல் லைன்ல இறக்கி விடுறது லைசன்ஸ் இல்லாம பண்ணா இந்தியாவுல குற்றம், யாராவது நல்ல காசு தர்றேன்னு கேட்டா அந்தப் பக்கமே போகாதீங்க.

கரண்ட் போற ஊர்ல இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. ஹெச்டி813ல கரண்ட் போனா எஃப்எக்ஸ்எஸ்ல இருக்கிற சாதா போன் நேரா லேண்ட்லைனோட சேர்ந்துடும், அந்த நேரத்துலயும் 108க்குக் கூப்பிடலாம். ரவுட்டர் வைக்கிறவங்க யுபிஎஸ் போடுங்க, அதோட ஒரு லைன்லயாவது கார்டுக்கு முன்னாடியே ஒரு சாதா போனை சுவத்துல மாட்டி விடுங்க.