பெட்டியில் ஆறு பேர், பேசியது இரண்டு பேர்

குற்றால சீசனுக்குக் கூட்டமாக பைக்கில் கிளம்பும் நெல்லைக்காரர்கள், ஓட்டிக்கொண்டே ஒருவருக்கொருவர் பேச ஹெல்மெட்டில் பொருத்தும் இன்டர்காம் வாங்க நினைத்திருந்தால், பணத்தை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான்கு கருவிகளுக்கு 18,000 ரூபாய் கொடுத்தேன். அதைக்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். அந்தக் கடையில் எங்கள் ஹெல்மெட்டுகளுக்குச் செய்த வேலையைத்தான் விட முடியவில்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரையும் தெருவையும் எழுதவில்லை.

மூன்று பைக், நான்கு பேர். நான், எனக்குப் பின்னால் என் மனைவி, அக்காள் வீட்டுக்காரரான அத்தான், அவருடைய அலுவலக நண்பர். பாளையங்கோட்டையில் கிளம்பி ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி, செங்கோட்டை வழியாகப் புளியரையில் மலையேறி, ஆரியங்காவைத் தாண்டித் தென்மலை அணை வரை போவது எங்கள் திட்டம். போன வருடம் இதே வழியில் அத்தான் செங்கோட்டையில் டீ குடிக்க ஒதுங்கிவிட்டார். அது தெரியாமல் நாங்கள் புளியரை சோதனைச் சாவடி வரை போய் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். வந்தபோது அவருக்கும் கோபம், எங்களுக்கும் கோபம். இந்த முறை அது வேண்டாம் என்றுதான் இன்டர்காம் வாங்கப் போனோம்.

கடைக்காரரிடம் நான் கேட்ட கேள்வி அப்படியே நினைவிருக்கிறது. "நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசலாமா அண்ணாச்சி?" என்றேன். "நாலு என்ன தம்பி, ஆறு பேர் பேசலாம். பெட்டியிலேயே போட்டிருக்கிறது பாருங்கள்" என்றார். பெட்டியில் ஆறு ஹெல்மெட் படம் இருந்தது. பேச்சு எட்டும் தூரம் 1,000 மீட்டர் என்று இருந்தது. தண்ணீர் புகாது என்பதற்கு ஒரு குடைப் படமும் இருந்தது. சோதித்துக் காட்டச் சொன்னேன். ஒரு ஹெல்மெட்டை என் தலையிலும் இன்னொன்றைக் கடைப் பையன் தலையிலும் மாட்டி, மூன்றடி தள்ளி நிற்க வைத்து "ஹலோ" சொல்ல வைத்தார். கேட்டது. கருவி வழியாகக் கேட்டதா, அவன் வாயிலிருந்து நேராகக் கேட்டதா என்று இப்போது எனக்கே சந்தேகம்.

கிளம்பிய அன்று வண்ணார்பேட்டையைத் தாண்டி தாமிரபரணிப் பாலம் வரும் வரை நானும் மனைவியும் பேசிக்கொண்டே போனோம். நல்ல தெளிவு. காசு வீண்போகவில்லை என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன். பேட்டை தாண்டியதும் அத்தானை அழைக்கப் பொத்தானை அழுத்தினேன். அத்தான் வந்தார், மனைவி போய்விட்டாள். மறுபடி அழுத்தினேன். மனைவி வந்தாள், அத்தான் போய்விட்டார். நண்பரின் குரலோ கடைசி வரை வரவே இல்லை; அவர் அத்தானைப் பிடித்தால் நான் அறுந்துவிடுவேன். முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளிடம், "அத்தானிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன்" என்று ஒவ்வொரு முறையும் அனுமதி வாங்கிப் போனவன் நானாகத்தான் இருப்பேன்.

அன்று இரவு தென்மலையில் கையேட்டைப் பிரித்துப் பார்த்தேன். எறும்பு எழுத்தில் ஒரு வரி: ஆறு கருவிகள் வரை இணைத்து வைத்துக்கொள்ளலாம், ஒரு நேரத்தில் இருவர் மட்டுமே பேச முடியும். அதாவது, அந்த ஆறு என்பது போனில் ஆறு பேரின் எண்ணைப் பதிந்து வைப்பது போன்றது. பதிந்து வைத்த ஆறு பேரும் ஒரே அழைப்பில் வந்துவிட மாட்டார்கள். கையேட்டைக் கடையிலேயே பிரித்துப் படிக்காதது என் தவறு. ஆனால் நான் வாயைத் திறந்து கேட்டதற்கு அவர் வாயைத் திறந்து சொன்ன பதில் பொய்.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடிக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி ஆலங்குளம் பக்கம் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிற மாதம் அது. நாங்கள் மேற்கே போகிறோம், காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போனதும் அத்தான் பேசுவது, மாவு மில்லுக்குள் நின்றுகொண்டு பேசுவது போல இரைச்சலாக ஆகிவிட்டது. மைக்கின் மேல் இருக்க வேண்டிய கனமான பஞ்சுக்குப் பதிலாகச் சட்டைத் துணி மாதிரி ஒன்று சுற்றியிருந்தது. முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட்டுக்குத் தாடைப் பகுதியில் ஒட்டும் மெல்லிய கம்பி மைக் வேண்டும், முகம் திறந்த ஹெல்மெட்டுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு மைக் வேண்டும். கடையில் நான்கு பேருக்கும் தண்டு மைக்கையே மாட்டிவிட்டிருந்தார்கள். அத்தானின் மூடிய ஹெல்மெட்டில் அது வளைந்து கன்னத்தில் குத்திக்கொண்டு, வாயை விட்டு விலகி நின்றது.

தூரத்தையும் பார்த்தோம். நெடுஞ்சாலை ஓரத்தில் இருநூறு மீட்டருக்கு ஒரு கல் நட்டிருப்பார்கள் அல்லவா? நேரான சாலையில், இடையில் ஒன்றும் மறைக்காதபோது, இரண்டாவது கல் வருவதற்குள் அத்தான் துண்டு துண்டாகக் கேட்கத் தொடங்கினார். பெட்டியில் போடும் ஆயிரம் மீட்டர் வெட்டவெளிக் கணக்கு. வளைவும் மேடும் பஸ்ஸும் குறுக்கே வந்தால் எந்தக் கருவிக்கும் அது குறையும். எங்களுடையது வெட்டவெளியிலேயே பாதிகூடத் தாண்டவில்லை.

தென்காசிக்கு முன்னாலேயே சாரல் பிடித்துக்கொண்டது. பெருமழை அல்ல, சீசன் சாரல்தான். நண்பரின் கருவி இரண்டு முறை விட்டு விட்டுக் கத்திவிட்டு அணைந்தது. சார்ஜ் துளையை மூடும் ரப்பர் மூடி உள்ளே உட்காரவே இல்லை. குடைப் படத்தை நம்பாதீர்கள், ஐபி எண்ணைக் கேளுங்கள். ஐபி67 என்று போட்டிருந்தால் தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். எங்கள் பெட்டியில் எண்ணே இல்லை.

புளியரை 'எஸ்' வளைவில் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. எம்-சாண்ட் ஏற்றிய லாரி ஒன்று வளைவு முடியும் இடத்தில் பழுதாகி நின்றது. முன்னால் போன அத்தான் அதைப் பார்த்ததும், "லாரி நிற்கிறது, மெதுவாக வாருங்கள்" என்று கத்தியிருக்கிறார். அப்போது நான் மனைவியின் இணைப்பில் இருந்தேன். எதுவும் கேட்கவில்லை. சக்கரம் வழுக்கி, லாரிக்கு ஓர் ஆள் நீளம் முன்னால் நின்றோம். இன்டர்காம் இல்லாத பழைய நாளாக இருந்தால் அத்தான் கையை நீட்டிச் சைகை காட்டியிருப்பார். கருவி இருக்கிறது என்ற நம்பிக்கையில் அவர் கையைத் தூக்கவில்லை.

திரும்பி வந்த மறுநாள், நனைந்த ஹெல்மெட்டுகளைக் காயவைக்க மனைவி உள்மெத்தையைக் கழற்றினாள். அப்போதுதான் வெள்ளை உருண்டைகள் பொலபொலவென்று கொட்டின. ஸ்பீக்கர் மெத்தைக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக, காதுப் பக்கத் தெர்மாகோலைக் கத்தியால் கட்டை விரல் ஆழத்துக்குக் குடைந்திருக்கிறார்கள். நான்கு ஹெல்மெட்டிலும், இரண்டு பக்கமும். பையன் ஹெல்மெட்டுகளைப் பின்னறைக்கு எடுத்துப் போய் இருபது நிமிடத்தில் கொண்டுவந்தபோது, கைவேலைக்காரன் என்று பாராட்டி ஐம்பது ரூபாய் வேறு கொடுத்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விழும்போது தலையைக் காப்பது வெளி ஓடு மட்டுமல்ல. அடியின் வேகத்தை, தான் நசுங்கி வாங்கிக்கொள்வது அந்தத் தெர்மாகோல்தான். ஹெல்மெட்டுக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 4151-ஓடு ஐஎஸ்ஐ முத்திரை கொடுப்பது முழுத் தெர்மாகோலோடு சோதித்த ஹெல்மெட்டுக்கு. குடைந்த ஹெல்மெட்டுக்கு அல்ல. குடைந்ததை மறுபடி நிரப்பவும் முடியாது. போதாக்குறைக்கு, அத்தானுடைய ஹெல்மெட்டில் கருவியை மாட்டும் கிளிப் உட்காரவில்லை என்று ஓட்டின் மேல் உடனே ஒட்டும் பசையை ஊற்றியிருந்தார்கள். பிளாஸ்டிக் ஓட்டினை அப்படிப்பட்ட ரசாயனங்கள் வலுவிழக்கச் செய்யும் என்று ஹெல்மெட்டோடு வரும் தாளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஆக, 18,000 ரூபாயோடு நான்கு ஹெல்மெட்டும் போயின.

இவ்வளவு குடைந்தும் ஸ்பீக்கர் காதுக்கு நேராக இல்லை. ஒரு விரல் அகலம் பின்னால் தள்ளி இருந்தது. பாட்டு தகர டப்பாவில் அடைத்தது போலக் கேட்டதன் காரணம் இப்போதுதான் புரிந்தது. காதுத் துளைக்கு நேராக, காதை ஒட்டினாற்போல் இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த ஸ்பீக்கரும் அப்படித்தான் கேட்கும். இப்போது வரும் பல ஹெல்மெட்டுகளில் ஸ்பீக்கருக்கென்றே காதுக்குழி விட்டுச் செய்கிறார்கள். அது இல்லாத ஹெல்மெட்டில் மெல்லிய ஸ்பீக்கர் வைக்கலாம், அல்லது ஹெல்மெட்டை மாற்றலாம். கத்தியோடு யாரையும் கிட்டே விடாதீர்கள். கடையில் பொருத்தினால் உங்கள் கண்முன் பொருத்தச் சொல்லுங்கள்.

பெட்டியையும் கருவிகளையும் எடுத்துக்கொண்டு போனபோது அண்ணாச்சி முகம் மாறிவிட்டது. "நனைத்துக் கொண்டுவந்தால் நான் என்ன செய்வது?" என்றார். வாரண்டி அட்டையில் முத்திரை இல்லை. கொடுத்தது ரசீதும் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லாத எஸ்டிமேட் தாள். நான்கில் ஒரு கருவியின் வரிசை எண்ணும் பெட்டியின் எண்ணும் வேறு வேறு. யாரோ திருப்பிக் கொடுத்ததை எனக்கு விற்றிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். நல்லவேளையாகப் பணத்தை யுபிஐயில் அனுப்பியிருந்தேன், அந்தப் பதிவு ஒன்றுதான் கையில் இருக்கும் சான்று.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண புளூடூத் இன்டர்காமில் கூட்டமாகப் பேச வழி இருந்தால்கூட அது சங்கிலி மாதிரி. நடுவில் ஒருவர் பெட்ரோல் போட நின்றால் பின்னால் இருப்பவர்கள் அறுந்துவிடுவார்கள். மெஷ் என்ற வகையில் ஒருவர் விலகினாலும் மற்றவர்கள் தாங்களாகவே இணைந்துகொள்வார்கள். கார்டோ நிறுவனம் 2015-இல் இதைக் கொண்டுவந்தது, சேனா என்ற நிறுவனத்திடமும் இருக்கிறது. விலை எங்கள் கருவியைப் போலப் பல மடங்கு. ஒரு நிறுவனத்தின் மெஷ் இன்னொன்றின் மெஷ்ஷோடு சேராது என்பதால், கூட்டத்தில் எல்லோரும் ஒரே நிறுவனத்துடையதை வாங்கினால்தான் பயன். கணவன் மனைவி இருவர் மட்டும் ஒரே வண்டியில் போவதென்றால் இவ்வளவு செலவு தேவையே இல்லை, இரண்டு பேர் பேசும் எளிய புளூடூத் போதும். எங்கள் இருவருக்கும் நடுவே அந்த மட்டமான கருவிகூட ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்தேன். அதன்பின் கடையிலிருந்து போன் வந்தது: 5,000 ரூபாய்க்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மறுத்துவிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். குடைந்த நான்கு ஹெல்மெட்டும் துடைக்காமல் பரணில் இருக்கின்றன. உருண்டைகளைக்கூட ஒரு பாலித்தீன் பையில் போட்டு, தேதி எழுதி வைத்திருக்கிறாள் என் மனைவி.