தீராத நெஞ்சுவலிக்கு லேசரா, இஇசிபியா, ரெட்யூசரா?

பைபாஸ் ஏற்கெனவே ஆகிவிட்டது. இதய ரத்தக் குழாய்கள் நுனிவரை மெலிந்துபோனதால் ஸ்டென்ட் வைக்கவும் இடமில்லை. மாத்திரைகளைக் கூட்டிப் பார்த்தாயிற்று. ஆனாலும் பத்துப் படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது. நாக்கடியில் வலி தணிக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. நீண்டநாள் சர்க்கரை உள்ளவர்களில் பலர் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். இவர்களுக்காக 1990களில் பெரும் நம்பிக்கையோடு வந்ததுதான் லேசர் அறுவை.

இடப்பக்க விலா எலும்புகளுக்கு நடுவே கீறி, துடிக்கிற இதயத்திலேயே இதைச் செய்வார்கள். இடது கீழறைச் சுவரில் சுமார் 1 மி.மீ. அகலத்தில் 20 முதல் 40 துளைகள். அறை ரத்தத்தால் நிரம்பியிருக்கும் கணம் பார்த்து, இசிஜியோடு ஒத்து லேசர் பாயும். உள்ளே குமிழிகள் எழுவது எக்கோவில் தெரிந்தால் துளை சுவரைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். வெளிவாயை விரலால் சற்று அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் ரத்தம் நின்றுவிடும்.

அந்தத் துளைகள் வழியே ரத்தம் தசைக்குப் போகும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் அவை சீக்கிரமே மூடிக்கொள்கின்றன. அப்படியும் வலி குறைந்தது! 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஓராண்டு கழித்து வலி (கடுமையை நான்கு படிநிலைகளில் அளப்பார்கள்) இரண்டு படிநிலையாவது இறங்கியவர்கள் லேசர் பக்கம் 72%, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 13%. புதுக் குழாய் முளைத்தது என்றார்கள் சிலர். வலி நரம்பு கருகியது என்றார்கள் வேறு சிலர்.

எனக்கு உறுத்துவது வேறு. தனக்கு அறுவை நடந்தது நோயாளிக்குத் தெரியும். 1959இலேயே, மார்புத் தமனியைக் கட்டினால் நெஞ்சுவலி தீரும் என்ற அறுவையைச் சோதித்தார்கள். தோலை மட்டும் கீறித் தைத்தவர்களுக்கும் அதே அளவு வலி குறைந்தது. லேசரையும் காலிலிருந்து கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியே செலுத்தி, சிலருக்குச் செய்வதுபோல் பாவனை மட்டும் காட்டி ஓர் ஆய்வு நடந்தது. 298 பேர், 2005இல் முடிவு வந்தது. இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. நெஞ்சைத் திறந்து செய்யும் முறைக்கு அப்படிப்பட்ட பெரிய சோதனை நடக்கவில்லை. பிரிட்டனில் நடந்த ஆய்விலோ அறுவையை ஒட்டி நூற்றில் ஐந்து பேர் இறந்தார்கள். 2009இல், எந்தச் சிகிச்சை தகும் என்று ஆராய்ந்து சொல்லும் அந்நாட்டின் நைஸ் அமைப்பு இதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. சரியான முடிவு என்பேன்.

இஇசிபி (EECP) என்பது வெளியிலிருந்து அழுத்தும் சிகிச்சை, கத்தியே இல்லை. கெண்டைக்கால், தொடை, இடுப்பில் பட்டைகள் கட்டி, இதயம் தளரும் நேரத்தில் கீழிருந்து மேலாக இறுக்குவார்கள். தினம் ஒரு மணி நேரம், மொத்தம் 35 மணி நேரம். பாவனைச் சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வில் 139 பேர்தான். பலன் இருந்தது, ஆனால் பெரிதல்ல. சென்னை விளம்பரங்களில் வருவதுபோல அடைப்பைக் கரைக்கும் என்பதை நம்ப வேண்டாம். பெருநாடி வால்வு நன்றாகக் கசிபவர்களுக்கும் கால் சிரையில் ரத்தம் உறைந்தவர்களுக்கும் ஆகாது.

ரெட்யூசர் என்பது நடுவில் இடுங்கிய கம்பி வலை. கழுத்துச் சிரை வழியே போய், இதயத் தசையிலிருந்து ரத்தம் வெளியேறும் கொரோனரி சைனஸில் உட்கார்ந்து, அந்த வழியைக் குறுக்குகிறது. பின்னழுத்தம் கூடி, ரத்தம் கிடைக்காத பகுதிக்கும் கொஞ்சம் திரும்புகிறது என்பது கணக்கு. 2015இல் 104 பேரிடம் பாவனையோடு ஒப்பிட்டபோது இரண்டு படிநிலை இறங்கியவர்கள் 35%, எதிர்த்தரப்பில் 15%. 2024இல் வந்த சிறிய ஆய்வில் வலி வரும் தடவைகள் குறைந்தன, ஆனால் தசைக்குப் போகும் ரத்தம் கூடியதாகத் தெரியவில்லை.

என் வரிசை இதுதான்: முதலில் ரனோலசின், ஐவாபிரடின் போன்ற மாத்திரைகளைச் சரியாகப் பொருத்திப் பார்ப்பது. அப்புறம் இஇசிபி. அதிலும் அடங்கவில்லை என்றால், அதில் பழகிய மருத்துவர் கிடைத்தால், ரெட்யூசர். வலிக்காக மட்டும் நெஞ்சைத் திறந்து லேசர் போடலாம் என்று யாராவது சொன்னால், இன்னொரு இதய நிபுணரிடம் ஆஞ்சியோகிராம் பதிவைக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.