மலேசிய நெடுந்தூர பஸ்: எந்த இருக்கை, எப்போது என்ன தீனி

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கோ பட்டர்வொர்த்துக்கோ சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் போதும் என்பவர்களுக்கு இ.டி.எஸ். ரயில்தான் சரி. பஸ்ஸின் சுகம் வேறு. நன்றாகச் சாய்கிற அகலமான இருக்கை, நெடுஞ்சாலை ஓய்விடத்தில் ஒரு நிறுத்தம், அங்கே சுடச்சுடக் கிடைக்கும் தீனி. நீண்டகாலமாகப் பயன்படுத்திப் பார்த்ததில் ஒன்று தெளிவு: எதைத் தின்பது என்பதைவிட எப்போது வாங்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் இருக்கை. பெரும்பாலான வண்டிகளில் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. தனியாகப் போகிறவர் ஒற்றை இருக்கையைப் பிடித்துவிட வேண்டும். விடுமுறை வாரங்களில் முதலில் தீர்வது அதுதான். வடக்கே போகும்போது காலை வெயில் வலப்பக்கம் விழும், மாலை வெயில் இடப்பக்கம். கடைசி வரிசை வேண்டாம், எஞ்சின் சூடும் சத்தமும் அங்கேதான். மற்ற இடங்களில் ஏசி குளிர் எலும்பைத் தொடும். ஒரு போர்வையாவது கையில் இருக்கட்டும். டிக்கெட்டுக்கு பாஸ்போர்ட் எண் கேட்பார்கள். கோலாலம்பூரின் டி.பி.எஸ். பஸ் நிலையம் பெரியது, வாசல் தேடவே நேரம் பிடிக்கும் என்பதால் அரை மணி முன்னதாகப் போவது நல்லது.

பஸ்ஸில் பொதுவாகக் கழிப்பறை கிடையாது. அதனால் ஏறுவதற்கு முன் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் தே தாரேக்கை (ஆற்றிய பால் டீ) உறிஞ்சுவது வினையை விலைக்கு வாங்குவது. பினாங்குக்குச் சுமார் 350 கிலோமீட்டர். வழியில் பெரும்பாலும் ஒரே நிறுத்தம், 15 அல்லது 20 நிமிடம். எங்கே நிற்பது என்பது ஓட்டுநர் முடிவு. இறங்கும்போதே வண்டி எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே நிறத்தில் நாலைந்து வண்டி நிற்கும். கழிப்பறைக்கு முதலில், கடைக்குப் பிறகு.

வெட்டிய கொய்யா வாங்கினால் மேலே தூவும் அசாம் போய் பொடியை (உப்பிட்டு உலர்த்திய பிளம் பழப் பொடி) தனியாகக் கேளுங்கள். முன்பே தூவினால் உப்பு நீரை இழுத்து, பத்து நிமிடத்தில் பைக்குள் குளம். ஆப்பம் பாலேக் (வேர்க்கடலை வைத்து மடித்த மொறுமொறு அப்பம்) வாங்கினால் பொட்டலத்தின் வாயைத் திறந்தே வையுங்கள்; மூடினால் ஆவியில் மொறுமொறுப்பு போய்விடும். வாழையிலையில் கட்டிய நாசி லெமாக் தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, மதிய வெயிலுக்குத் தாங்காது. காலையில் வாங்கியதைக் காலையிலேயே முடிக்க வேண்டும். சைவர்கள் கவனிக்க: அதன் சம்பலில் நெத்திலியோ பெலாச்சானோ (இறால் விழுது) இருக்கும்.

கிழக்குக் கரைப் பாதையின் ராஜா கெரோப்போக் லேக்கோர். மீனையும் சவ்வரிசி மாவையும் பிசைந்து உருட்டி அவித்தது. அப்படியே மென்மையாகவும் தின்னலாம், பொரித்தும் தின்னலாம். பொரித்ததை வாங்கிய இடத்திலேயே தின்றுவிடுங்கள்: ஆறினால் மாவு இறுகி ரப்பராகிவிடும், மூடிய பஸ்ஸில் மீன் வாடையும் பக்கத்து இருக்கைக்காரருக்குப் பிடிக்காது. வீட்டுக்கு என்றால் அவித்ததைக் காற்று உறிஞ்சிய பொட்டலமாகக் கேட்டு வாங்குங்கள். வெறும் பையில் கட்டி இரவு பஸ்ஸில் கொண்டுவந்தால் காலையில் பிசுபிசுக்கும். கடும் வாடையுள்ள டுரியான் பழத்தை வண்டியில் ஏற்றவே விடமாட்டார்கள்.

பஸ்ஸுக்குள்ளேயே தின்பதற்கு ஈப்போ சரக்குதான் பொருத்தம். ஹியோங் பியா பிஸ்கட் நடுவில் பாகு வைத்தது. ஓடு பொலபொலவென உதிரும், பைக்குள் வைத்தே கடிக்க வேண்டும். பன்றிக்கொழுப்பு சேர்த்தும் செய்வதுண்டு, கேட்டு வாங்குங்கள். ஈப்போவின் புந்தோங் பகுதியில் நம்மவர்கள் செய்யும் கச்சாங் பூத்தே என்னும் காரத் தீனிக்கு அந்தக் கவலை குறைவு: முறுக்கு, ஓமப்பொடி, காரக்கடலை எல்லாம் வாசனையின்றி, வழியாமல், நாள்பட நிற்கும். ஒரே சிக்கல், ஈப்போ பஸ் நிலையமான அமான்ஜெயா ஊருக்கு வடக்கே தள்ளி இருக்கிறது. நிலையத்துக்குப் போய்விட்டுப் புந்தோங்குக்குத் திரும்புவது வீண் டாக்சிச் செலவு. முதலில் கடை, பிறகு பஸ்.