மிஃபுனேவா, நகாதாயா?

1954-இல் வந்த 'செவன் சாமுராய்' படத்தில் இந்த ஜப்பானிய நடிகர்கள் இருவருமே இருக்கிறார்கள். தோஷிரோ மிஃபுனே படம் முழுக்கத் துள்ளுகிறார், உறுமுகிறார், அழுகிறார். தட்சுயா நகாதாய் தெருவில் சில விநாடிகள் நடந்து போகிறார், அவ்வளவுதான். அந்த நடை பிடிக்காமல் இயக்குநர் அகிரா குரோசவா அவரை மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப நடக்கவைத்தார்.

மிஃபுனே நடிப்பைத் தேடி வந்தவரே அல்ல. தோஹோ ஸ்டூடியோவில் கேமரா உதவியாளர் வேலைக்குப் போனவர், 1946-இல் புதுமுகத் தேர்வில் நின்றார். பிறகு 1965 வரை குரோசவாவுடன் மட்டும் 16 படங்கள். 'யோஜிம்போ', 'ரெட் பியர்ட்' இரண்டுக்கும் வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் விருது. 'யோஜிம்போ'வில் தோளைக் குலுக்கிக்கொண்டு அவர் நடக்கும் அந்த முதுகே போதும், ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிடும். இந்த உடல்மொழிக்கு ஈடு இன்றுவரை நான் கண்டதில்லை.

நகாதாய் ஹையூசா நாடகக் குழுவில் குரலைப் பழக்கியவர். ஒரே ஸ்டூடியோவுக்குக் கட்டுப்பட மறுத்தார். அதனால்தான் கோபயாஷி, நருசே, இச்சிகாவா, குரோசவா என்று இயக்குநர்கள் எல்லோருடைய படங்களிலும் அவரால் புகுந்து புறப்பட முடிந்தது. ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடும் 'தி ஹ்யூமன் கண்டிஷன்' மூன்று பாகங்களையும் தோளில் சுமந்தார்.

1965-க்குப் பிறகு பாதைகள் பிரிகின்றன. குரோசவாவும் மிஃபுனேவும் மறுபடி சேரவே இல்லை. சொந்தத் தயாரிப்பு நிறுவனத்தின் பாரமும் மிஃபுனே மேல் விழுந்தது. தொலைக்காட்சித் தொடர்கள், வெளிநாட்டுப் படங்கள் என்று உழைத்தார். பழைய உயரத்தை எட்டும் வேடங்கள் அரிதாகவே வாய்த்தன. இதை எழுதவே எனக்கு வருத்தமாக இருக்கிறது. நகாதாயோ 1975-இல் மனைவியுடன் சேர்ந்து 'முமெய்ஜுகு' என்ற நடிப்புப் பள்ளியைத் தொடங்கினார். நடிகர் கோஜி யாகுஷோ அங்கே பயின்றவர். 'காகெமுஷா' (1980), 'ரான்' (1985) இரண்டிலும் குரோசவாவின் நாயகன் அவரே.

உச்சத்தை மட்டும் கேட்டால் மிஃபுனே. நெடும்பயணத்தைக் கேட்டால், தயங்காமல் நகாதாய் என்பேன்.

ஒரே இரவில் 'சன்ஜுரோ'வையும் 'ஹராகிரி'யையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டும் 1962-இல் வந்தவை. முதல் படத்தின் முடிவில் மிஃபுனேவின் ஒரே வீச்சில் இரத்தம் பீறிட்டுச் சாய்கிறார் நகாதாய். இரண்டாவதில், 29 வயதிலேயே, பேரனைப் பறிகொடுத்த தாத்தாவாக முற்றத்தில் அமர்ந்து பேசத் தொடங்குகிறார்.